இரும்புத் தகடுகள் எப்படிச் சேர்ந்திருக்கின்றன: பார்த்துச் சொல்ல ஒரு வழி

எங்கள் பட்டறை தச்சநல்லூரில் இருக்கிறது. மொட்டைமாடிக் கூரைச் சட்டம், தண்ணீர்த் தொட்டிக்குத் தாங்கி, அரிசி ஆலை எலிவேட்டர், ஜல்லி ஏற்றும் டிப்பர் பெட்டி என்று வருகிற வேலை எல்லாமே கடைசியில் தகட்டோடு தகட்டைச் சேர்க்கிற வேலைதான். வருகிறவர்கள் சொல்வதும் பெரும்பாலும் ஒரே வாக்கியம்: "அண்ணாச்சி, இந்த இரண்டையும் சேர்த்து உறுதியாக ஒரு வெல்டு வைத்துக் கொடுங்கள்." எப்படிச் சேர்ப்பது, நுனியோடு நுனியா, ஒன்றின்மேல் ஒன்றா என்று திருப்பிக் கேட்டால் என் முகத்தையே பார்ப்பார்கள். வெல்டிங் ராடு எரிந்தால் ஒட்டிக்கொள்ளும், இதில் என்ன கேள்வி என்பது அவர்கள் எண்ணம்.

பேட்டை ஐ.டி.ஐ.யில் படித்துவிட்டு வரும் பையன்களின் சிக்கல் வேறு. பட், லேப், டீ, கார்னர், எட்ஜ் என்று ஐந்து பெயரையும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். சிவப்பு ஆக்சைடும் அதன்மேல் இரண்டு கை எனாமலும் அடித்த ஒரு சட்டத்துக்கு முன்னால் நிறுத்தி "இது எது?" என்று கேட்டால் தடுமாறுவார்கள். புத்தகப் படத்தில் தகட்டைக் குறுக்கே அறுத்துக் காட்டியிருப்பார்கள். கூரைமேல் இருக்கிற தகட்டை யாரும் அப்படி அறுத்துக் காட்டப் போவதில்லை. வெளியே தெரிவதை வைத்துத்தான் உள்ளே இருப்பதைச் சொல்ல வேண்டும். பையன்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கிற வரிசையை இங்கே எழுதுகிறேன். சைட்டில் மேற்பார்வை பார்க்கும் சிவில் படித்தவர்களுக்கும், சொந்தக் கூரைக்குப் பணம் கொடுக்கப் போகிறவர்களுக்கும் அதுவே போதும்.

கையில் வேண்டியவை அதிகமில்லை. கம்பிப் பிரஷ், சாக்பீஸ், எஃகு ஸ்கேல், டார்ச், பின்பக்கம் பார்க்க ஒரு சின்னக் கைக்கண்ணாடி, கால் கிலோ சுத்தியல். வெல்டின் அளவு பார்க்கும் ஃபில்லட் கேஜ் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் ஸ்கேலே போதும்.

கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. தகடுகளின் விளிம்பு எங்கே இருக்கிறது? எது அவற்றைப் பிடித்திருக்கிறது? விசை எந்தப் பக்கம் இழுக்கிறது? முதல் கேள்விக்கு வரும் பதில் இணைப்பின் வகை. இரண்டாவதற்கு வருவது பிடிப்பின் வகை. பலர் இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடுகிறார்கள். ஃபில்லட் என்பது முக்கோணமாக வைத்த வெல்டு. அது லேப்பிலும் வரும், டீயிலும் வரும், மூலையிலும் வரும். ஆகவே "ஃபில்லட் ஜாயின்ட்" என்று யாராவது எழுதிக் கொடுத்தால் தகடுகள் எப்படி நிற்கின்றன என்று அவர் இன்னும் சொல்லவில்லை என்று பொருள். கேட்டு வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

விளிம்பு எங்கே இருக்கிறது

ஸ்கேலைத் தட்டையாக, சேர்ந்திருக்கும் இடத்துக்குக் குறுக்கே வையுங்கள். இரண்டு தகடும் ஒரே மட்டத்தில் இருந்து, நடுவில் வெல்டு மட்டும் ஸ்கேலைக் கொஞ்சம் தூக்கினால் அது பட். ஸ்கேல் ஒரு படியில் ஏறி நின்று, அந்தப் படியின் உயரம் ஒரு தகட்டின் கனமாக இருந்தால் லேப். ஸ்கேல் எதிரே நிற்கும் தகட்டில் முட்டினால் டீ அல்லது மூலை. முட்டிய இடத்துக்கு அப்பாலும் அடித்தகடு நீண்டால் டீ, அங்கேயே முடிந்தால் மூலை. பத்தில் ஒன்பது இணைப்பு இந்த ஸ்கேலுக்கே பிடிபட்டுவிடும். மிச்சமிருக்கும் ஒன்றில்தான் வேலை இருக்கிறது.

பட் இணைப்பைப் பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் வள்ளியூர், பணகுடி, இராதாபுரம் பக்கம் போங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கிற காற்றுக்காக நிறுத்திய காற்றாலைகளின் குழாய்க் கோபுரங்கள் முழுக்கப் பட் இணைப்புதான். தடித் தகட்டை உருளையில் வளைத்து வளையமாக்குவார்கள். வளையத்தின் வாய் கூடும் இடத்தில் நெடுக்காக ஒரு வெல்டு. வளையத்தின்மேல் வளையமாக அடுக்கும்போது சுற்றிலும் ஒரு வெல்டு. சாய்வெயிலில் நின்று பார்த்தால் அந்தக் குறுக்குக் கோடுகள் பெயின்ட்டுக்கு அடியிலும் தெரியும். நெடுக்கு வெல்டுகள் ஒன்றுக்குமேல் ஒன்று நேராக வராமல் வளையத்துக்கு வளையம் தள்ளியே வரும். நான்கு வெல்டு நுனிகள் ஒரே புள்ளியில் கூடினால் அங்கே குறைபாட்டுக்கும் விரிசலுக்கும் இடம் கொடுத்த மாதிரி ஆகும் என்பதால்தான் அப்படி. நீளமான பாகங்கள் ஒன்றோடொன்று சேரும் இடத்தில் மட்டும் வெல்டு இல்லை. உள்பக்கம் தடித்த வளையத் தட்டுகள், அவற்றைச் சுற்றிலும் போல்ட். அதே பகுதியில் நிற்கும் பழைய சின்னக் காற்றாலைகளில் ஆங்கிள்களை, அதாவது எல் வடிவ இரும்புச் சட்டங்களை, போல்ட் போட்டுக் கட்டிய பின்னல் கோபுரங்களும் இருக்கின்றன. ஒரே சாலையில் இரண்டையும் பார்த்துவிடலாம்.

பட் இணைப்பில் தகட்டின் கனம் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று கவனியுங்கள். 20 மி.மீ. தகட்டை 12 மி.மீ. தகட்டோடு அப்படியே முட்டவைத்து நிரப்பியிருந்தால் சரியில்லை. கனமான தகட்டை ஐந்துக்கு ஒன்று என்ற சாய்வில், அல்லது அதைவிட மெதுவான சாய்வில், சீவிக்கொண்டு வந்துதான் சேர்க்க வேண்டும். இழுவிசை திடீரென்று படி இறங்கினால் அந்தப் படியில்தான் விரிசல் பிறக்கும்.

நம்மை ஏமாற்றும் பட் ஒன்று உங்கள் சமையலறையிலேயே இருக்கிறது. எரிவாயு சிலிண்டரின் இடுப்பைச் சுற்றி ஓடும் வெல்டைப் பாருங்கள். வெளியே ஸ்கேல் வைத்தால் பட் என்றுதான் சொல்லும். மேல் பாதி, கீழ்ப் பாதி என்று இரண்டு கிண்ணங்கள், அவற்றில் ஒன்றின் வாயைத் தகட்டின் கனத்துக்கு உள்ளே ஒடுக்கி மற்றதன் வாய்க்குள் நுழைத்திருப்பார்கள். வெளியே பட், உள்ளே லேப். ஜாகிள் என்று சொல்லுவோம். ஒடுக்கிய வாயே வெல்டுக்குப் பின்தாங்கலாகவும் இருந்துவிடுகிறது. ஒருபக்கம் மட்டுமே கை போகிற கலங்களில் இந்த ஏற்பாடு வரும். உள்பக்கம் பார்க்க முடியாத எந்த உருளையிலும் பட் என்று அடித்துச் சொல்வதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

லேப் எளிதில் தெரியும், எளிதில் கெடவும் செய்யும். ஒரு தகட்டின்மேல் இன்னொன்று ஏறிப் படுத்திருப்பதால் இரண்டும் ஒரே கோட்டில் இல்லை. இழுத்தால் இரண்டும் ஒரே கோட்டுக்கு வரப் பார்த்து, இணைப்பு முறுக்கிக்கொண்டு வளையும். ஆகவே எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அளக்க வேண்டும். இரும்புக் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 800 சொல்லும் கணக்கு: மெல்லிய தகட்டின் கனத்தைப்போல் நான்கு மடங்கு, அல்லது 40 மி.மீ., இரண்டில் எது பெரிதோ அது. 6 மி.மீ. தகடுகளுக்கு நான்கு மடங்கு 24 ஆனாலும் 40 ஏறியிருக்க வேண்டும். எங்கள் ஊர்ப்பக்கம் விரலளவு ஏற்றிவிட்டு ஒரே பக்கத்தில் வெல்டு வைத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். கண்ணாடியைப் பின்பக்கம் காட்டிப் பாருங்கள். அங்கே வெல்டு இல்லை, வெறும் விளிம்பு மட்டும் தெரிகிறது என்றால் சாக்பீஸால் வட்டம் போடுங்கள்.

உவரி, கூடங்குளம், இடிந்தகரை போன்ற கடலோர ஊர்களில் லேப்பை இன்னும் உற்றுப் பார்க்க வேண்டும். சுற்றிலும் அடைக்காமல் விட்ட லேப்பின் நடுவே உப்புக் காற்றும் ஈரமும் புகும். துரு தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும் என்பதால் உள்ளே ஊறிய துரு தகடுகளைப் பிளந்து தள்ளும். நடுவில் தகடு உப்பி அலையலையாகத் தெரிந்தால் பெயின்ட் புதிதாக இருந்தாலும் நம்பாதீர்கள்.

டீ எங்கும் இருக்கிறது. தூணின் அடித்தட்டு, தட்டுக்கும் தூணுக்கும் இடையே நிறுத்திய முக்கோண முட்டு, தகடுகளால் கட்டிய உத்தரத்தின் நடுத்தகடும் மேல்தகடும் சேரும் இடம், எல்லாம் டீ. இங்கே முதலில் பார்க்க வேண்டியது வெல்டு இருபுறமும் இருக்கிறதா என்பது. ஒருபக்கம் மட்டும் ஃபில்லட் வைத்த டீயை வெல்டு இருக்கிற பக்கம் விழும்படி தள்ளினால், வெல்டின் வேர், அதாவது தகடுகள் கூடும் மூலையில் உள்ள அதன் அடி, திறந்துகொண்டு முறியும். புதிய பையன்களுக்கு இதைச் செய்து காட்டுவது எனக்குப் பிடித்த வேலை. சின்னத் துண்டில் ஒருபக்கம் மட்டும் வைக்கச் சொல்லி, வைஸில் பிடித்து சுத்தியலால் ஒரு பக்கமும் பிறகு இன்னொரு துண்டை மறுபக்கமும் அடிக்கச் சொல்லுவேன். ஒரு துண்டு வளைந்து நிற்கும், மற்றது கையோடு வந்துவிடும். அதற்குப் பிறகு நான் எதுவும் விளக்க வேண்டியதில்லை.

டீயில் இன்னொரு சங்கதியும் உண்டு. நிற்கும் தகடு அடித்தகட்டை அதன் கனத்தின் திசையில் மேலே இழுக்கிறது. உருட்டித் தயாரித்த தடித் தகட்டின் உள்ளே கசடு மெல்லிய ஏடுகளாகப் படிந்திருந்தால், வெல்டு நன்றாகவே இருந்தாலும் அதற்குக் கீழே தகடு பரோட்டா பிரிகிற மாதிரி அடுக்கடுக்காகப் பிரியும். கனமான தகடுகளில் பெரிய வெல்டு வைத்த இடங்களில்தான் இந்தத் தொல்லை. 6, 8 மி.மீ. தகட்டோடு காலம் தள்ளும் எங்களைப் போன்றவர்கள் அதிகம் அஞ்ச வேண்டியதில்லை.

மூலை இணைப்பில் பார்க்க வேண்டியது, தகடுகள் எந்த அளவுக்கு ஒன்றையொன்று மூடுகின்றன என்பதுதான். ஒன்றின் விளிம்பை மற்றது முழுதாக மூடினால் வெளியே பள்ளம் இருக்காது. சீவாமல் வைத்த வெல்டு மேலோட்டமாகத்தான் இருக்கும். உள்விளிம்போடு உள்விளிம்பு தொட்டு நின்றால் வெளியே வாய் திறந்த பள்ளம் கிடைக்கும், அதை நிரப்பினால் நல்ல வெல்டு. பாதி மூடியது இரண்டுக்கும் நடுவில். டிப்பர் பெட்டியின் பக்கத் தகடு அடித்தகட்டோடு சேரும் இடத்தைப் பாருங்கள். ஜல்லி விழுந்து விழுந்து முதலில் வாய் பிளப்பது இங்கேதான், அதிலும் உள்பக்கம் வெல்டு வைக்காத பெட்டிகளில். நான்கு தகடு சேர்த்த பெட்டித் தூணில் உள்ளே கை போகாது என்பதால் வெளி வெல்டே எல்லாப் பாரத்தையும் சுமக்கிறது.

எட்ஜ் இணைப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு தகடும் முதுகோடு முதுகு ஒட்டி நிற்க, விளிம்பில் மட்டும் உருக்கிச் சேர்ப்பது. மெல்லிய தகட்டு வேலைக்குச் சரி. இரண்டையும் பிரித்து இழுக்கும் விசை வரும் இடத்தில் இது இருந்தால் இருக்கக் கூடாத இடத்தில் இருக்கிறது.

எது பிடித்திருக்கிறது: வெல்டு

பார்க்கிற வெல்டு இரண்டு வகையில் ஒன்றாக இருக்கும். மூலையில் முக்கோணமாக உட்கார்ந்திருப்பது ஃபில்லட். தகட்டின் விளிம்பைச் சீவிப் பள்ளமாக்கி அந்தப் பள்ளத்தை நிரப்பியது குரூவ். ஃபில்லட்டில் இரண்டு கால்களையும், அதாவது தகடுகளில் ஒட்டியிருக்கும் இரண்டு பக்கங்களையும், அளந்து பாருங்கள். இரண்டும் 6 மி.மீ. இருந்தால் 6 மி.மீ. ஃபில்லட், ஒன்று 8, ஒன்று 5 என்றால் 5 என்றே கணக்கு வையுங்கள். பாரம் சுமப்பது காலல்ல, வேரிலிருந்து முகம்வரை உள்ள குறுகிய தூரம். செங்கோணத்தில் நிற்கும் தகடுகளுக்கு அது காலில் 0.7 பங்கு. 6 மி.மீ. வெல்டில் வேலை செய்வது 4.2 மி.மீ.தான். முகம் குழிந்திருந்தால் அதிலும் குறையும்.

லேப்பில் ஒரு தந்திரம் நடக்கும். மேல்தகட்டின் விளிம்பு முழுவதையும் உருக்கி வழித்துவிட்டால் வெல்டு தகட்டின் கனத்துக்கே பெரிதாக இருப்பதாகத் தோன்றும். தகடு எவ்வளவு கரைந்தது என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் சதுர விளிம்புக்கு வெல்டின் அளவு தகட்டின் கனத்தைவிட 1.5 மி.மீ. குறைவாக இருக்க வேண்டும் என்று விதி. மேல்விளிம்பின் கூர்மை ஒரு கோடாக இன்னும் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அளவை நம்பலாம். வெல்டு எவ்வளவு சிறிதாக இருக்கலாம் என்பதற்கும் எல்லை உண்டு. சேரும் தகடுகளில் கனமானது 10 மி.மீ. வரை இருந்தால் குறைந்தது 3, அதற்குமேல் 20 வரை 5, அதற்குமேல் 32 வரை 6. தடித் தகட்டில் மெல்லிய வெல்டு வைத்தால் சூட்டைத் தகடே விழுங்கிவிடும், வெல்டு திடீரென்று குளிர்ந்து விரிசல் விடும்.

குரூவைக் கண்டுபிடிக்கத் தகட்டின் ஓரத்துக்குப் போங்கள், வெல்டு முடியும் நுனிக்கு. அங்கே சீவிய வாயின் சாய்வு பெரும்பாலும் தெரியும். சீவாமல் சிறு இடைவெளி மட்டும் விட்டு நிரப்பியது மெல்லிய தகட்டுக்கு. இரண்டு பக்கமும் வைத்தால் 6 மி.மீ. வரை ஓடும். அதற்குமேல் வி வடிவில், இரண்டு சீவலும் சேர்ந்து சுமார் 60 டிகிரி. கனம் கூடக் கூட இரண்டு முகத்திலிருந்தும் வி. முன்முகத்தில் அகலமான வெல்டு, பின்முகத்தில் ஒல்லியானது என்றால் ஒற்றை வி. இரண்டும் ஒரே அகலம் என்றால் இரட்டை. பின்னால் ஒரு பட்டை ஒட்டிக்கொண்டிருந்தால் அது வேரில் உலோகம் வழியாமலிருக்க வைத்த பின்தாங்கல்.

இவ்வளவும் பார்த்தாலும் ஒரு டீயில் முக்கோணத்துக்கு அடியில் முழு ஊடுருவல் இருக்கிறதா, அதாவது தகட்டின் கனம் முழுக்க வெல்டு போயிருக்கிறதா என்று கண்ணால் சொல்ல முடியாது. சீவி நிரப்பி அதன்மேல் சின்ன ஃபில்லட் வைத்த டீயும், சீவாமல் வெறும் ஃபில்லட் வைத்த டீயும் வெளியே ஒரே முகத்தைத்தான் காட்டும். வரைபடத்தைக் கேளுங்கள். அம்புக்குறிக் கோட்டில் முக்கோணம் இருந்தால் ஃபில்லட். கோடு மடங்கும் இடத்தில் சின்ன வட்டம் இருந்தால் சுற்றிலும் வெல்டு, கொடி பறந்தால் சைட்டில் வைக்கும் வெல்டு. வரைபடம் இல்லையென்றால் அல்ட்ராசானிக் கருவி வைத்திருப்பவரை அழைக்க வேண்டும். பட்டறையில் பழகுவதற்கு வேறு வழி இருக்கிறது. மாதிரித் துண்டைக் குறுக்கே அறுத்து, அரத்தால் ராவி, எமரித் தாளில் தேய்த்து, ஸ்பிரிட்டில் கொஞ்சம் நைட்ரிக் அமிலம் கலந்து கையுறையோடு தடவினால் வெல்டு ஒரு நிறத்திலும் தகடு ஒரு நிறத்திலும் பிரிந்து தெரியும். வேர்வரை போயிருக்கிறதா என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது.

திருநெல்வேலிப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக் கூரையைப் பார்க்க அழைத்திருந்தார்கள். யார் செய்தது, எந்த மண்டபம் என்பது இங்கே வேண்டாம். ஆங்கிள்கள் கூடும் இடத்தில் அவற்றைச் சேர்க்கும் கஸெட் தகட்டுக்கும் ஆங்கிளுக்கும் இடையே இருந்த பெரிய சந்தில் ராடுத் துண்டுகளைச் செருகி, அதன்மேல் ஒரு பூச்சு வெல்டு ஓட்டி, மேலே பெயின்ட் அடித்திருந்தார்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் பருத்த, அழகான ஃபில்லட். சுத்தியலால் தட்டியதும் கசடோடு துண்டுகள் கீழே விழுந்தன. அளவுக்கு மீறிப் பருத்த வெல்டைக் கண்டால் எனக்கு மகிழ்ச்சியே வருவதில்லை. தகடுகள் சரியாகப் பொருந்தவில்லை, அதை மறைத்திருக்கிறார்கள் என்று மனம் முதலில் சொல்லும்.

எது பிடித்திருக்கிறது: ரிவெட், போல்ட்

இரண்டு பக்கமும் உருண்டைத் தலை, நட் இல்லை, மரை இல்லை என்றால் ரிவெட். இன்று கட்டுமானத்தில் அடிப்பது அரிது. ஆனால் பழைய ரயில் பாலங்களிலும் ஆலைகளிலும் இன்னும் உயிரோடு இருக்கிறது. 1914இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தின் இரும்புக் கண்ணில் இருந்தவை ரிவெட் தலைகள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் அந்த இடத்தை வெல்டு எடுத்துக்கொண்டது. 

ரிவெட் இணைப்பைப் படிக்கக் கற்றுக்கொள்ள மிக நல்ல பாடம் பழைய அரிசி ஆலைகளின் பாய்லர். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி வட்டாரத்தில் நெல் அவிக்கும் ஆலைகளைச் சுற்றி வளர்ந்தவர்களுக்கு இந்தப் பெரிய உருளைகள் புதிதல்ல. அப்படிப் பழைய ரிவெட் பாய்லர் ஒன்று எங்கேயாவது கிடந்தால் சுற்றி ஓடும் தையலை, அதாவது தகடுகள் சேரும் ரிவெட் கோட்டை, பாருங்கள்: சாதாரண லேப், ஒரு வரிசை அல்லது இரண்டு வரிசை ரிவெட். இனி நெடுக்காக ஓடும் தையலைப் பாருங்கள். நன்றாகச் செய்த பாய்லரில் அது பட்டாக இருக்கும். உள்ளே ஒரு பட்டை, வெளியே ஒரு பட்டை, இரண்டுக்கும் நடுவே முட்டிய தகடுகள், அதிக வரிசை ரிவெட். ஒரே உருளையில் ஏன் இந்த ஓரவஞ்சனை? உள்ளே இருக்கும் அழுத்தம் உருளையைப் பக்கவாட்டில் பிளக்க இழுக்கும் விசை, தலையும் காலுமாக இழுக்கும் விசையைப்போல் இரண்டு மடங்கு. பக்கவாட்டு இழுவையைத் தாங்குவது நெடுக்குத் தையல். பலமான இணைப்பு அதற்குத்தான் போக வேண்டும்.

நெடுக்குத் தையலையும் லேப்பாகவே வைத்த காலம் ஒன்று இருந்தது. லேப் வைத்தால் உருளை சுத்த வட்டமாக இருக்காது. ஒவ்வொரு முறை நீராவி ஏறி இறங்கும்போதும் தகடு அந்த இடத்தில் வளைந்து நிமிரும். மேல்தகட்டுக்கு அடியில், யார் கண்ணுக்கும் படாமல் விரிசல் வளரும். அமெரிக்காவின் பிராக்டனில் 1905 மார்ச் 20 அன்று ஒரு செருப்புத் தொழிற்சாலையின் பாய்லர் இப்படித்தான் வெடித்தது. 58 பேர் இறந்தார்கள். அந்த நாட்டில் பாய்லருக்குக் கடுமையான விதிகள் பிறந்ததில் அந்த விபத்துக்குப் பங்கு உண்டு.

போல்ட் இணைப்பில் விளிம்புக் கேள்வியை மறுபடி கேளுங்கள். இரண்டு தகடுகள் நுனியோடு நுனி நிற்க, மேலே ஒரு மூடுபட்டை போட்டு முடுக்கியிருந்தால் பார்வைக்குப் பட்தான். ஆனால் விசை ஒரு தகட்டிலிருந்து போல்ட்டுக்கும், போல்ட்டிலிருந்து பட்டைக்கும், மறுபடி போல்ட் வழியாக அடுத்த தகட்டுக்கும் போகிறது. தகடுகள் ஒன்றையொன்று தொட வேண்டிய அவசியமே இல்லை. நடுவில் சின்னச் சந்து தெரிந்தால் பதறாதீர்கள். பட்டை ஒருபக்கம் மட்டும் இருந்தால் ஒவ்வொரு போல்ட்டும் அறுபடக்கூடிய இடம் ஒன்று. இரண்டு பக்கமும் இருந்தால் இரண்டு, இணைப்பு முறுக்கிக்கொள்ளவும் செய்யாது. தகடுகளின் விளிம்புகளைப் பக்கத்தில் இருந்து எண்ணினால் இது உடனே தெரியும்: இரண்டு அடுக்கு என்றால் ஒற்றை அறுப்பு, மூன்று அடுக்கு என்றால் இரட்டை.

பிறகு தலையைத் துடைத்து எண்ணைப் படியுங்கள். 8.8 என்றால் சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டனில் முறியும் வகை, அதில் 0.8 பங்கான 640இல் நிரந்தரமாக நீளத் தொடங்கும். 4.6க்கும் அதே கணக்கு: 400, 240. எண்ணே இல்லாத போல்ட் என்றால் எனக்கு அது வேலி கட்ட மட்டும்தான். ஓட்டை போல்ட்டைவிட எவ்வளவு பெரிது என்றும் பாருங்கள். 20 மி.மீ. போல்ட்டுக்கு 22 மி.மீ. ஓட்டை. கேஸ் கட்டரால் ஊதிப் பெரிதாக்கிய ஓட்டையை வாஷர் மூடி மறைத்திருக்கும். வாஷர் ஓட்டைக்குள் குழிந்திருந்தால் சந்தேகப்படுங்கள். போல்ட்டுக்குப் போல்ட் நடுவிலிருந்து நடு தூரம் விட்டத்தைப்போல் இரண்டரை மடங்குக்குக் குறையக் கூடாது. ஓட்டையின் நடுவிலிருந்து தகட்டின் விளிம்புவரை, கையால் கேஸில் வெட்டிய விளிம்பானால் ஓட்டை விட்டத்தில் 1.7 மடங்காவது இருக்க வேண்டும். 22 மி.மீ. ஓட்டைக்கு 38 மி.மீ. என்று எழுதிக்கொள்ளுங்கள். விளிம்புக்கு நெருக்கமாக ஓட்டை போட்டால் போல்ட் முறியாது, தகடு கிழிந்துகொண்டு வரும்.

போல்ட் இணைப்பிலும் இரண்டு குணம் உண்டு. சாதாரணமானதில் தகடு லேசாக நகர்ந்து போல்ட்டின் உடம்பில் சாய்ந்து நிற்கும். உராய்வு வகையில் அதிபல போல்ட்டை அளவிட்ட இழுவிசைக்கு முடுக்கி, தகடுகளை நகரவிடாமல் நெருக்கிப் பிடிக்க வைக்கிறார்கள். அதிரும் இடங்களிலும் விசை முன்னும் பின்னும் மாறும் இடங்களிலும் இதுதான் வேண்டும். வெளியே அடையாளம், பெரிய தலை, கடினப்படுத்திய வாஷர், தலையில் 8.8 அல்லது 10.9. உள்ளே அடையாளம் தகடுகள் தொடும் முகத்தில் இருக்கிறது, பொருத்திய பிறகு பார்க்க முடியாது. சின்ன இரும்பு மணிகளை வேகமாக அடித்துச் சுத்தம் செய்த முகத்துக்கு உராய்வுக் கெழு 0.50, ஒன்றும் செய்யாத முகத்துக்கு 0.20, சிவப்பு ஈயப் பெயின்ட் அடித்த முகத்துக்கு 0.1. அழகாக இருக்கட்டும் என்று பெயின்டர் உள்முகத்திலும் ஒரு கை இழுத்துவிட்டால் பிடிமானத்தில் ஐந்தில் நான்கு பங்கு போய்விடும். ஆகவே பொருத்தும் அன்றைக்கே சைட்டில் நில்லுங்கள்.

பழைய ரிவெட் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க, தலையின் ஒரு பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கத்தில் லேசாகத் தட்டுங்கள். விரலுக்கு அதிர்வு தனியாகத் தெரிந்தால் தளர்ந்தது. தலைக்குக் கீழே செம்பழுப்பாகத் துரு வழிந்த கோடும் அதையே சொல்லும்.

ஒரு கூரையைப் பார்க்கும்போது

பாளையங்கோட்டையில் ஒரு வீட்டின் மொட்டைமாடியில் முக்கோணச் சட்டம் போட்டுத் தகரக்கூரை வேய்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கீழிருந்து தொடங்குங்கள். தூணும் அடித்தட்டும்: டீ, ஃபில்லட், சுற்றிலும் இருக்கிறதா? முக்கோண முட்டுகள்: டீ, இருபுறமும் இருக்கிறதா? சட்டத்தின் ஆங்கிள்கள் கஸெட் தகட்டில் ஏறும் இடங்கள்: லேப், இரண்டு பக்க நீள வெல்டு. இங்கே ஒவ்வொரு நீள வெல்டும் ஆங்கிளின் அகலத்துக்காவது குறையாமல் ஓடியிருக்க வேண்டும். நுனிக்கு வந்ததும் நின்றுவிடாமல் மூலையைச் சுற்றி வெல்டு அளவில் இரண்டு மடங்கு திரும்பியிருக்க வேண்டும், ஏனென்றால் உரிவது எப்போதும் நுனியிலிருந்துதான். சட்டம் நீளம் போதாமல் நடுவில் ஒட்டுப்போட்ட இடங்கள்: பட்டாக வைத்திருக்கிறார்களா, மேலே பட்டை போட்டிருக்கிறார்களா? இரண்டு ஒட்டுகள் ஒரே இடத்தில் வந்திருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

மூன்றாவது கேள்வியையும் மறக்காதீர்கள். நம் ஊரில் கூரைக்குப் பாரம் மேலிருந்து கீழே மட்டும் வருவதில்லை. ஆடிக் காற்று அடியில் புகுந்து கூரையை மேலே தூக்கும். அப்போது அமுங்கிக்கொண்டிருந்த சட்டத் துண்டுகள் இழுபடும், இழுபட்டவை அமுங்கும். மேலே அழுத்தும்போது சும்மா நின்ற அடித்தட்டு வெல்டு அந்த நேரம் முழு இழுவையைத் தாங்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு இணைப்புக்கும் முன்னால் நின்று, "கூரையை யாரோ மேலே பிடித்து இழுத்தால் இதில் எது முதலில் பிரியும்?" என்று கேட்டுப் பாருங்கள்.

பார்த்ததைச் சாக்பீஸால் தகட்டிலேயே எழுதுங்கள்: வகை, அளவு, இருபுறமா ஒருபுறமா. சந்தேகமானதற்கு வட்டம். ஸ்கேலையும் பக்கத்தில் பிடித்து ஒவ்வொன்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கசடு தட்டி, பிரஷ் போட்டு, வெல்டு பளபளவென்று இருக்கும்போதே இதை முடித்துவிட வேண்டும். வட்டம் போட்ட இடங்களைச் சரிசெய்து திரும்பக் காட்டும்வரை சிவப்பு ஆக்சைடு டப்பாவைத் திறக்கவிடாதீர்கள். "பெயின்டர் வந்து காத்திருக்கிறார், கூலி போகிறது" என்று ஒப்பந்தக்காரர் சொல்வார். காத்திருக்கட்டும்.